மதியத்துக்கு மேல் கை தூக்காத லோடர்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில் நார்த்தூள் களம் வைத்திருக்கிறேன். கூடவே பதினெட்டு மாடுகள். போன ஆவணியில் கோவையில் ஒரு பழைய ஸ்கிட் ஸ்டீயர் லோடர் (நின்ற இடத்தில் திரும்பும், முன்னால் பக்கெட் மாட்டிய சின்ன வண்டி) வாங்கினேன். 2009 மாடல். வண்டி ஓடிய மணிநேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர் ஓடவில்லை. தகட்டில் 680 கிலோ என்றும், ஹைட்ராலிக் நிமிடத்துக்கு 64 லிட்டர் என்றும் போட்டிருக்கிறது. காலையில் நன்றாகத் தூக்குகிறது. பதினோரு மணிக்கு மேல் பக்கெட்டைத் தூக்கும் கை மெதுவாகிவிடுகிறது, ஏற்றி நிறுத்தினால் தானாக இறங்குகிறது. பக்கெட் மாட்டும் தட்டில் ஆட்டம் இருக்கிறது. முன்னால் கருவிகளின் ஆயில் ஹோஸை இணைக்கும் கப்ளர் சில நாள் மாட்டுகிறது, சில நாள் ஆள் ஏறி மிதித்தாலும் மாட்டுவதில்லை. வண்டி இடது பக்கம் இழுக்கிறது. இதையெல்லாம் சரிசெய்துவிட்டு பேலட் தூக்கும் ஃபோர்க், சுழலும் துடைப்பம், கவ்விப் பிடிக்கும் கிராப்பிள், தென்னங்குழி போட ஆகர் (மண்ணைத் துளைக்கும் திருகு) என்று நான்கையும் வாங்கலாமா? எதை முதலில் வாங்குவது? சீட் பார் (உட்கார்ந்ததும் மடிமேல் இறக்கும் பாதுகாப்புக் கம்பி) அடிக்கடி தொல்லை கொடுத்ததால் விற்றவரின் மெக்கானிக்கே வயரைச் சேர்த்துக் கட்டிவிட்டார். அதனால் அந்தப் பிரச்சினை மட்டும் இப்போது இல்லை.

பதில்: வணக்கம். நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஃபோர்க்கும் துடைப்பமும் அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த வயரைப் பிரித்து விடுங்கள்.

இந்த வண்டிக்குப் பக்கவாட்டில் கதவு கிடையாது. பக்கெட்டின் மேல் கால் வைத்து, முன்னால்தான் ஏறி இறங்க வேண்டும். இரண்டு கைகளும் ஓட்டுநரின் தோளை ஒட்டி ஏறி இறங்கும். அதனால்தான் மடிமேல் அந்தக் கம்பியை வைத்தார்கள். கம்பி மேலே போனால் கையும் பக்கெட்டும் அசையக் கூடாது, சக்கரமும் உருளக் கூடாது. வயரைச் சேர்த்துக் கட்டியாகிவிட்டது என்றால், இன்ஜின் ஓடும்போது உங்கள் பையன் ஒரு போன் பேச இறங்குகிறான், முழங்கால் லீவரில் படுகிறது, கை இறங்குகிறது. வண்டியின் சட்டத்துக்கும் கைக்கும் நடுவில் ஆள். இந்த வண்டியில் நடக்கும் மிக மோசமான விபத்துகளில் ஒரு வகை இதுதான். உங்கள் வண்டியில் கை தானாகவும் இறங்குகிறது என்று வேறு எழுதியிருக்கிறீர்கள்.

சீட் பார் ஏன் தொல்லை கொடுத்தது என்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது. நார்த்தூளை எதற்காகக் கழுவுகிறீர்கள்? அதில் உள்ள உப்பு போக. அந்தத் தண்ணீர் களம் முழுக்க ஓடுகிறது, வண்டி அதில் நாள் முழுக்க நிற்கிறது. சீட்டுக்கு அடியிலும் பாரின் அடிமுனையிலும் உள்ள கனெக்டர்களைக் கழற்றிப் பாருங்கள், பச்சை பூத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, பின்களைத் துடைத்து, மல்டிமீட்டரில் ஸ்விட்ச் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பத்தில் ஏழெட்டு வண்டியில் அதோடு சரியாகிவிடுகிறது, இல்லாவிட்டால் ஸ்விட்ச் மாற்ற வேண்டும். பிறகு வெட்டவெளியில் நிறுத்தி, கை கீழே இருக்கும்போது, இன்ஜின் மெதுவாக ஓடும்போது பாரைத் தூக்கிவிட்டு லீவரை லேசாக அசைத்துப் பாருங்கள். எதுவும் அசையக் கூடாது. இது தேறாமல் ஒரு போல்ட்டும் கழற்ற வேண்டாம். இனிமேல் நான் சொல்லப்போகும் சோதனைகளில் ஒருவர் சீட்டிலும் இன்னொருவர் கைக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டியிருக்கும்.

சரி, இப்போது மதியக் களைப்புக்கு வருவோம். உங்களுடைய பாதிக் கேள்விகளுக்கு இங்கேதான் பதில் இருக்கிறது.

காலையில் ஆயில் கெட்டியாக இருக்கிறது. பம்புக்குள் கியருக்கும் உறைக்கும் நடுவில் தேய்ந்துபோன இடைவெளி இருந்தாலும் கெட்டி ஆயில் அதில் அவ்வளவாக நழுவாது. சூடேறி நீர்த்துப்போனதும் முன்னால் போக வேண்டிய ஆயில் அந்தச் சந்து வழியே பின்னால் திரும்பிவிடும். அதனால் 'காலையில் நல்லாயிருக்கு, மதியம் சரியில்லை' என்று ஒருவர் சொன்னால் மெக்கானிக் உடனே 'பம்ப் போச்சு' என்பார். அவசரப்படாதீர்கள். நார்த்தூள் களத்து வண்டி என்றால் நான் பம்பைக் கடைசியில்தான் சந்தேகப்படுவேன். கூலரில் ஆரம்பிப்பேன்.

பின்கதவைத் திறந்து ஆயில் கூலரையும் ரேடியேட்டரையும் பாருங்கள். வெளிப்பக்கம் பளிச்சென்று இருக்கும், பையன் தினமும் காற்று அடித்திருப்பான். இரண்டுக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். போன வருடம் மீனாட்சிபுரம் பக்கம் ஒரு வண்டியில் நான் எடுத்தது தோசைக்கல் அளவுக்கு ஒரே துண்டாக, ஃபெல்ட் துணி மாதிரி படிந்த நார். பிய்த்தால் பிய்யவில்லை, உரித்துத்தான் எடுத்தோம். காற்றை வெளியிலிருந்து உள்ளே அடிக்க அடிக்க அது இன்னும் இறுகிக்கொண்டே போயிருக்கிறது. கூலரை முன்னால் சாய்த்து, மின்விசிறிக் காற்று போகும் திசைக்கு எதிர்த்திசையில் அடிக்க வேண்டும். அன்று பம்பைத் தொடவே இல்லை. வண்டி சாயங்காலம் வரை ஒரே மாதிரி வேலை செய்தது.

கையோடு வண்டியின் அடித்தகட்டையும் கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள். சைலன்சருக்குப் பக்கத்தில் காய்ந்த நார்த்தூள், அதன் மேல் ஹோஸிலிருந்து கசிந்த ஆயில், இது இரண்டும் சேர்ந்தால் வண்டி எரிவதற்கு வேறொன்றும் வேண்டாம். ஒரு தீயணைப்பு சிலிண்டரும் வண்டியிலேயே இருக்கட்டும். உங்கள் களத்தில் அணைக்கத் தண்ணீர் இருக்கும், ஆனால் ஹோஸ் எட்டும் இடத்தில் வண்டி இருக்காது.

கூலர் சுத்தமான பிறகும் மதியம் களைத்தால் டேங்கில் உள்ள சக்ஷன் ஸ்ட்ரெய்னரையும் (பம்ப் ஆயில் இழுக்கும் வாயில் உள்ள சல்லடை) ஃபில்டரையும் பாருங்கள். ஆயில் பால் மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரை பொங்கி, பம்பிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தால் சக்ஷன் ஹோஸ் வழியே காற்று இழுக்கிறது, அங்கே ஒரு கிளாம்ப் மாற்றினால் போதும். ஆயில் மாற்றும்போது மேனுவலில் என்ன கிரேடு போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். சில வண்டிகளுக்கு இன்ஜின் ஆயில் வகை, சிலவற்றுக்கு ஹைட்ராலிக் ஆயில். கடைக்காரர் 'எல்லாம் ஒண்ணுதான்' என்பார். ஒன்றில்லை.

இதற்குப் பிறகுதான் பம்ப். அதையும் ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். கோவையில் ஹைட்ராலிக் வேலை பார்க்கும் பட்டறைகளில் ஃப்ளோ மீட்டர் வைத்திருக்கிறார்கள், களத்துக்கே கொண்டுவந்து பார்ப்பவர்களும் உண்டு. முன்னால் உள்ள இரண்டு கப்ளருக்கும் நடுவே அதை மாட்டி, ஆயில் நன்றாகச் சூடேறிய பிறகு, முழு ஆக்சிலேட்டரில் வைத்து இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, அழுத்தம் ஏதும் இல்லாதபோது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது. இன்னொன்று, லோடு வால்வை மெல்ல இறுக்கி அழுத்தத்தை 150 பாருக்குக் (பார் என்பது அழுத்தத்தின் அளவு, சீட் பார் இல்லை) கொண்டுபோனால் எத்தனை லிட்டர். முதலில் 60, பிறகு 53 என்றால் பதினைந்து வருடத்து பம்புக்கு அது நல்ல ஆரோக்கியம். 60 என்பது 40க்கு விழுந்தால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். சோதிக்கும்போது யாராவது அழுத்தத்துக்கு உச்ச அளவு வைக்கும் ரிலீஃப் வால்வைத் திருகி 'பிரஷர் ஏத்தி விடறேன்' என்றால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேனுவலில் உள்ள அளவுக்கு மேல் ஏற்றினால் இன்று கை தூக்கும், அடுத்த மாதம் ஹோஸோ சீலோ போகும்.

இந்த எண் எதற்கு என்று கேட்பீர்கள். லிட்டரை பாரால் பெருக்கி 600ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 64 லிட்டர், 170 பார் என்றால் 18 கிலோவாட், சுமார் 24 குதிரைசக்தி. அதுவே 40 லிட்டராகிவிட்டால் 11 கிலோவாட், 15 குதிரைசக்தி. இன்ஜின் எத்தனை ஹெச்பி என்று தகட்டில் போட்டிருந்தாலும் துடைப்பத்துக்கும் ஆகருக்கும் போய்ச் சேர்வது இவ்வளவுதான். அட்டாச்மென்ட் விற்கிறவர் உங்கள் வண்டியின் மாடலைக் கேட்டுவிட்டு 'ஓடும் சார்' என்று சொன்னால், அவர் சொல்வது 2009இல் இருந்த வண்டியைப் பற்றி. நீங்கள் வாங்கப் போவது இன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு நிற்கும் வண்டிக்கு.

கை தானாக இறங்குவது வேறு விஷயம். சிலிண்டர் சீல் அல்லது கன்ட்ரோல் வால்வு, இரண்டில் ஒன்று. பட்டறையில் முதலில் சீல் கிட் மாற்றிப் பணம் வாங்கிவிட்டு, நிற்காவிட்டால் 'வால்வு' என்பார்கள். நீங்களே கண்டுபிடிக்கலாம். கையை முழுக்க இறக்கி, பக்கெட்டைத் தரையில் அழுத்தாமல் சற்று மடக்கி வைத்து, இன்ஜினை அணைத்து, லீவரை இரண்டு பக்கமும் அசைத்து அழுத்தத்தை வெளியேற்றுங்கள். ஒரு சிலிண்டரின் அடிப்பக்க ஹோஸைக் கழற்றி, ஹோஸ் முனையை அடைப்பு போட்டு இறுக்குங்கள். சிலிண்டரின் வாயிலிருந்து ஒரு சின்னக் குழாயை பாட்டிலுக்குள் விடுங்கள். ஆள் சீட்டில் உட்கார்ந்து, பாரைப் போட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்து, லீவரை 'இறக்கு' பக்கம் பிடிக்கட்டும். கை ஏற்கெனவே கீழே இருப்பதால் எதுவும் அசையாது. பாட்டிலில் நூல் மாதிரி ஆயில் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் சீல் போய்விட்டது. இரண்டு சிலிண்டரிலும் வரவில்லை என்றால் வால்வைப் பாருங்கள். கையைத் தூக்கி வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். வேறு எதற்காவது தூக்கிய கைக்குக் கீழே வேலை பார்ப்பதாக இருந்தால் வண்டியோடு வந்த இரும்பு லாக்கை சிலிண்டர் ராடில் போட்டுவிட்டுத்தான். பழைய வண்டியில் அது தொலைந்திருக்கும், கேட்டு வாங்குங்கள். மரக்கட்டையை முட்டுக்கொடுத்துக்கொண்டு உள்ளே குனிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கசிவு தேடும்போது ஹோஸைக் கையால் தடவிப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஊசித் துளையில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். பார்த்தால் எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும், வலியும் முதலில் இருக்காது. சில மணி நேரத்தில் விரல் போகிற நிலைமை வரும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். பட்டுவிட்டது என்று சந்தேகம் வந்தால்கூட அன்றே, அப்போதே, அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய் 'ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கிறது' என்று சொல்லுங்கள்.

சில நாள் மட்டும் மாட்டாத கப்ளர். இது பழுதே இல்லை. கழற்றி வெயிலில் போட்ட கருவியின் கறுப்பு ஹோஸுக்குள் அடைபட்ட ஆயில் சூடாகி விரிகிறது, வெளியே போக வழியில்லாமல் வால்வை உள்ளேயிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வெயில் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே கப்ளர் மறுநாள் விடியற்காலையில் சொடக்கென்று மாட்டும், கவனித்துப் பாருங்கள். சுத்தியலால் தட்டினாலோ ஸ்க்ரூ டிரைவரால் நடுவில் உள்ள முனையைக் குத்தினாலோ தட்டையான முகம் கெட்டு, அதற்கப்புறம் நிரந்தரமாகக் கசியும். கழற்றும்போதே, இன்ஜினை அணைத்துவிட்டு, முன் ஹைட்ராலிக் லீவரை இரண்டு பக்கமும் நாலைந்து தடவை அசைத்துவிட்டுக் கழற்றுங்கள். ஸ்விட்சில் இயங்கும் வண்டியானால் சாவி ஆனில், பார் கீழே இருக்க வேண்டும். சேர்த்துக் கட்டிய வயர் இதையும் குழப்பியிருக்க வாய்ப்புண்டு. கருவியை நிழலில் வையுங்கள். ஏற்கெனவே அடைபட்டுவிட்டதென்றால் சாயங்காலம் வரை பொறுப்பதுதான் சுலபம்.

மாட்டும் முன் இரண்டு முகத்தையும் துடைக்க வேண்டும். நார் ஒட்டாத துணியால். இதை நான் எல்லாரிடமும் ஓரியாடுவதற்குக் காரணம் உண்டு. 2014இல் எங்கள் பட்டறை வண்டிக்கு வாடகைக்கு கான்கிரீட் உடைக்கும் ஒரு பிரேக்கர் எடுத்தோம். முந்தைய வண்டியின் அழுக்கு ஆயில் அதன் ஹோஸுக்குள்ளேயே இருந்திருக்கிறது. கப்ளரைத் துடைத்தேன், உள்ளே இருந்ததை யோசிக்கவில்லை. மூன்றாவது வாரம் ஃபில்டரை அறுத்துப் பார்த்தால் மடிப்புக்குள் வெள்ளி மினுக்கம். விரலால் தேய்த்தால் மை மாதிரி ஒட்டியது, அத்தனையும் உலோகத் தூள். பம்ப், கன்ட்ரோல் வால்வுக்குள் இருக்கும் இரண்டு ஸ்பூல், எல்லாமே மாற்றினோம். இன்று வெளியிலிருந்து வரும் எந்தக் கருவியானாலும் முதலில் அதன் ஹோஸ்களில் உள்ள பழைய ஆயிலை டப்பாவில் வடித்துவிட்டுத்தான் மாட்டுகிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறீர்கள் என்றால் இதை மறக்க வேண்டாம். கப்ளருக்கு மூடியும் வாங்கிப் போடுங்கள்.

ஹோஸ் முனையில் நூல் மறை பார்த்து வாங்குங்கள். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் பிஎஸ்பி என்ற மறை வகை கிடைக்கும், வெளிநாட்டு வண்டிகளில் ஜேஐசி என்ற வகை அதிகம். அரை அங்குல பிஎஸ்பியும் அரை அங்குல ஜேஐசியும் பார்வைக்கு ஒரே அளவு மாதிரி தெரியும், ஆனால் முதலாவதில் அங்குலத்துக்கு 14 மறை, இரண்டாவதில் 16. கூம்பின் கோணமும் வேறு. டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கினால் இரண்டு மறை பிடிக்கிற மாதிரி இருக்கும், 150 பாரில் பிய்த்துக்கொண்டு வரும்.

அடுத்தது ஆட்டம். ஆடுவது வண்டியின் தட்டா, பக்கெட்டா என்று முதலில் பிரியுங்கள். பக்கத்தில் யாரிடமாவது அதே வகை பக்கெட் இருந்தால் ஒரு நாள் இரவல் வாங்கி மாட்டுங்கள். அது இறுக்கமாக உட்கார்ந்தால் உங்கள் பக்கெட்டின் மேல் உதடு விரிந்திருக்கிறது அல்லது கீழ்த் துளை தேய்ந்திருக்கிறது. அதுவும் ஆடினால் தட்டைப் பாருங்கள்: லீவரை மடக்கும்போது கீழே இறங்கும் இரண்டு ஆப்பு பின்கள், அவற்றின் ஸ்பிரிங், தட்டைக் கையோடு இணைக்கும் பின்னும் புஷ்ஷும். லீவர் முழுக்கப் படுத்திருந்தாலும் ஆப்பு பின் துளை வழியே வெளியே எட்டிப் பார்க்கிறதா என்று குனிந்து கண்ணால் பார்க்க வேண்டும். லீவர் படுத்துவிட்டது என்பதை நம்பி வண்டியை எடுத்து, பக்கெட் முன்னால் மல்லாந்து விழுந்த கதைகள் நிறைய. மாட்டிய ஒவ்வொரு தடவையும் பக்கெட்டின் முன்முனையைத் தரையில் அழுத்தி, முன்சக்கரம் இரண்டு விரல் தூக்கும் வரை பாருங்கள். நழுவுவதென்றால் அங்கேயே நழுவட்டும்.

ஆப்பு பின்னில் வெல்டிங் வைத்துத் தேய்த்துச் சரிசெய்து தருகிறேன் என்பார்கள், வேண்டாம். அது கடினப்படுத்திய இரும்பு, வெல்டிங் சூட்டில் நொறுங்கும் குணம் வந்துவிடும். புதுப் பின்தான். பக்கெட்டின் உதட்டை வெல்டிங்கில் கட்டி எழுப்பித் தேய்க்கலாம், தப்பில்லை. 7018 ராடை உலர்த்தி எடுத்துப் போடச் சொல்லுங்கள், அதுவும் பக்கெட்டை வண்டியிலிருந்து கழற்றித் தரையில் வைத்து. தட்டிலேயே வேலை என்றால் பின்னை உருவி, தட்டைக் கீழே எடுத்துவிடுங்கள். வண்டியோடு சேர்த்து வெல்டிங் வைத்து, எர்த் கிளாம்ப்பை எங்கோ பின்னால் மாட்டினால் கரன்ட் பேரிங் வழியாகவும் வயரிங் வழியாகவும்தான் போய்ச் சேரும். புஷ் ஓட்டையே முட்டை வடிவமாகிவிட்டதென்றால் கோவையில் லைன் போரிங் செய்து, அதாவது ஓட்டையை மறுபடி வட்டமாகக் கடைந்து, புது புஷ் போடலாம். வெறும் புஷ்ஷை மட்டும் தட்டி ஏற்றினால் ஆறு மாதம்கூட நிற்காது. புதிது போட்ட பிறகு தினமும் கிரீஸ். களத்துத் தூசியில் அதற்கு விடுமுறை கிடையாது.

தட்டின் வகையையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வண்டிகளுக்கு ஐஎஸ்ஓ 24410 என்று ஒரு பொது அளவு இருக்கிறது, பெரும்பாலான கருவிகள் அதற்குத்தான் வரும். ஆனாலும் உள்ளூரில் செய்யும் ஃபோர்க் தட்டுகளில் மேல் உதட்டின் சாய்வு அரை விரல் மாறி இருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் தட்டின் மேல்விளிம்பையும் ஆப்புத் துளைகளின் இடத்தையும் ஒரு மெல்லிய தகட்டில் வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பொருந்தவில்லை, நடுவில் அடாப்டர் தட்டு போட்டுக்கொள்ளலாம் என்றால் யோசியுங்கள். பாரம் முன்னால் தள்ளிப் போகும், தூக்கும் எடை குறையும்.

இடது பக்கம் இழுப்பது பெரும்பாலும் டயர்தான். நான்கிலும் காற்றைச் சமமாக்கி, சுற்றளவை டேப்பில் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் மொட்டை என்றால் இழுக்கத்தான் செய்யும். டயர் சரியென்றால் செயின் டென்ஷன், அப்புறம் சக்கரங்களை ஓட்டும் டிரைவ் பம்பின் நியூட்ரல் செட்டிங்.

இனி வாங்க வேண்டியவை. பேலட் ஃபோர்க்தான் முதலில். அதற்கென்று தனியாக ஹைட்ராலிக் ஹோஸ் வேண்டியதில்லை, பம்ப் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் அது வேலை செய்யும். ஆனால் உங்கள் தகட்டில் உள்ள 680 கிலோவைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது வண்டி குப்புறக் கவிழும் எடையில் பாதி, அதுவும் பக்கெட்டில், உடம்போடு ஒட்டிய பாரத்துக்கு. ஃபோர்க்கில் பாரத்தின் மையம் அரை மீட்டருக்கு மேல் முன்னால் போய்விடும். அப்போது அளவு இன்னும் குறையும். ஐந்து கிலோ கோகோபீட் கட்டி (அழுத்திய நார்த்தூள்) இருநூறு அடுக்கிய பேலட் ஒரு டன். அதை உங்கள் வண்டி தூக்காது, பின்சக்கரம்தான் தூக்கும். நூறு கட்டிக்கு மேல் வைக்காதீர்கள். ஏற்றுமதிக் கன்டெய்னருக்கு முழு பேலட் ஏற்ற வேண்டுமென்றால் அன்றைக்கு மட்டும் ஃபோர்க்லிஃப்ட் வாடகைக்கு எடுங்கள்.

பக்கெட்டிலும் இதே கணக்கு உண்டு. காய்ந்த நார்த்தூள் ஒரு கன மீட்டர் நூறு, நூற்றைம்பது கிலோதான் இருக்கும், அதற்காக உயரமான பெரிய பக்கெட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கழுவிய ஈரத்தூள் தன் எடையைப் போல ஐந்தாறு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதே பக்கெட்டில் அதை அள்ளினால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இரண்டாவது கிராப்பிள். மட்டை, ஓலை, மாட்டுக் கொட்டகைச் சாணம் எல்லாவற்றுக்கும் பிடிமானம் கிடைக்கும். சின்ன சிலிண்டர்கள்தான், கொஞ்சம் ஆயில் போதும், தேய்ந்த பம்பும் சமாளிக்கும். மாட்டியதும் பக்கெட்டை முழுக்க மடக்கியும் முழுக்கக் கவிழ்த்தும் ஹோஸ் எங்கேயும் இழுபடவோ நசுங்கவோ இல்லை என்று பாருங்கள். இந்த வண்டி பிறந்ததே கொட்டகை அள்ளத்தான். அமெரிக்காவில் மின்னசோட்டாவில் கெல்லர் சகோதரர்கள் இருவர் 1957இல் ஒரு வான்கோழிப் பண்ணைக்காகச் செய்து கொடுத்த மூன்று சக்கர வண்டிதான் ஆரம்பம். தூண்களுக்கு நடுவே நின்ற இடத்தில் திரும்ப வேண்டும் என்பதுதான் அந்தப் பண்ணைக்காரரின் தேவை. உங்கள் பதினெட்டு மாட்டுக் கொட்டகைக்கு அது இன்றும் பொருந்தும்.

துடைப்பம் நல்ல கருவி, ஆனால் தொடர்ந்து சுற்றிக்கொண்டே இருப்பதால் ஆயில் நிறைய கேட்கும். வாங்கப் போகிற துடைப்பத்தின் தகட்டில் குறைந்தபட்சம் எத்தனை லிட்டர் என்று பார்த்து, சூட்டில் நீங்கள் அளந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். மோட்டாரிலிருந்து மூன்றாவதாக ஒரு மெல்லிய ஹோஸ் வந்தால் அது கேஸ் டிரெயின், மோட்டாருக்குள் கசியும் ஆயிலைத் திருப்பி அனுப்புவது. அது அழுத்தமில்லாமல் நேரே டேங்குக்குப் போக வேண்டும். உங்கள் வண்டியில் அதற்கு வழியில்லை என்று அடைத்துவிட்டால் மோட்டாரின் சீல் அன்றே பிதுங்கும். இரும்புக் கம்பி கலந்த தூரிகை வேண்டாம், பாலிப்ராப்பிலீன் மட்டும் கேளுங்கள். உடைந்த கம்பித் துண்டு உங்கள் நார்த்தூளில் கலந்து வெளிநாட்டு வாங்குபவரின் சலிப்பில் அகப்பட்டால் ஒரு கன்டெய்னர் திரும்பி வரும். களத்தில் சிமென்ட் தரையில் மட்டும் ஓட்டுங்கள், தார்ப்பாயில் வேண்டாம்.

ஆகரை விட்டுவிடுங்கள். தென்னைக்கு மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம் குழி வேண்டும். அந்த அகலத்துக்கு உங்கள் வண்டியில் வரும் சக்தி போதாது. போதாக்குறைக்கு உங்கள் பக்கம் கரிசல். மழைக்குப் பிறகு அந்த மண் ஆகரின் சுருளில் களிம்பாகச் சுற்றிக்கொள்ளும், குழியின் சுவரும் வழுவழுவென்று மெழுகிய மாதிரி ஆகிவிடும், வேர் எளிதில் ஊடுருவாது. வேலிக்கல் நடுவதற்கான ஒன்பது அங்குலக் குழிக்கு ஆகர் சரி, அதற்கு வாடகையே போதும். தென்னங்குழிக்கு ஒரு நாள் ஜேசிபி கூப்பிட்டால் நூறு குழி என்றாலும் வேலை கிட்டத்தட்ட முடிந்துவிடும்.

பம்பைக் கழற்றி கோவைக்கு அனுப்ப நேர்ந்தால் டெலிவரி சலானும் இ-வே பில்லும் போட்டு அனுப்புங்கள். உங்களுக்கு வேலந்தாவளம் தாண்டினால் பக்கத்து ஊர்தான், ஆனால் காகிதத்தில் அது வேறு மாநிலம். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் வழியில் நிற்க வேண்டியிராது.

முதல் வாரம் வயரும் கூலரும். இரண்டாம் வாரம் ஃப்ளோ மீட்டர். வந்த இரண்டு எண்களையும், ஆப்பு பின்னின் ஒரு போட்டோவையும் அனுப்புங்கள். சூட்டில் 150 பாரில் 45 லிட்டருக்குக் கீழே வந்தால் துடைப்பத்துக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள், பம்பைப் பற்றிப் பேசிவிட்டு வாங்கலாம்.